உம்மா வேனில் இருந்தார்



பாடசாலை விடுமுறை தொடங்கிவிட்டால் நமது வீடுகளில் எழும் முதற் கேள்வி, “இந்த முறை எங்க போற?” என்பதுதான். வருடம் முழுவதும் காலையில் பாடசாலை, பின்னேரம் குர்ஆன் மதரஸா, அதன் பிறகு டியூஷன் வகுப்பு என்று ஓடிக் களைத்த பிள்ளைகள் ஒரு பக்கம். கடை, கந்தோர், வயல் என்று அலைந்து களைத்த வாப்பாமார் மறுபக்கம். நாலு நாள் மலைநாட்டுப் பக்கம் போய் வந்தால் மனம் ஆறும் என்று எல்லோரும் எண்ணுகிறார்கள். அதில் தவறில்லை. ஆகுமான முறையில் மனதை ஆற்றிக்கொள்வதை மார்க்கம் தடுக்கவில்லை. பூமியில் பயணம் செய்து அல்லாஹ்வின் படைப்பை உற்று நோக்கும்படி திருக்குர்ஆன் நம்மைத் தூண்டவும் செய்கிறது.

ஆனால், களைத்தவர்களின் இந்தப் பட்டியலில் ஒருவரைச் சேர்த்துக்கொள்ள நாம் மறந்துவிடுகிறோம். அவரைப் பற்றித்தான் இன்று எழுதப் போகிறேன். இது அயல் வீட்டுக் கதையல்ல, என் வீட்டுக் கதை. ஊருக்கு உபதேசம் சொல்லும் தொழிலில் இருக்கும் ஒரு மௌலவி ஆசிரியன், தன் வீட்டில் தான் செய்த தவறை எழுதுவது சற்று வெட்கமான காரியம்தான். ஆனாலும் உங்களில் பலரது வீட்டிலும் இதே கதை நடந்துகொண்டிருக்கும் என்ற எண்ணத்தில் எழுதுகிறேன்.

மூன்று நாளில் ஒன்பது இடங்கள்

சில வருடங்களுக்கு முன் ஒரு விடுமுறையில் நாங்கள் மலைநாட்டுக்குப் பயணம் போனோம். எங்கள் ஊர் கிழக்குக் கரையில், கல்முனைப் பக்கம். என் உம்மா, மனைவி, நாலு பிள்ளைகள், என் தங்கச்சியும் மச்சானும் அவர்களது மூன்று பிள்ளைகளும், தங்கச்சியின் மாமி, நான், சாரதித் தம்பி என்று மொத்தம் பதினாலு பேர். ஒரு வேனை வாடகைக்குப் பிடித்தோம். அந்த வேன் கூலியில் பாதி, என் மனைவி மாதாமாதம் கட்டி எடுத்த சீட்டுக் காசு என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

பயணத் திட்டத்தை வகுத்தவன் நான். பாடசாலையில் நேரசூசி போட்டுப் பழகிய கையல்லவா! ஒரு தாளில் மூன்று நாட்களையும் கட்டம் போட்டு எழுதினேன். அம்பாறை, மகா ஓயா வழியாக மஹியங்கனை. அங்கிருந்து பதினெட்டு வளைவு ஏறிக் கண்டி. கண்டி வாவி, பேராதனைப் பூந்தோட்டம். மறுநாள் ரம்பொடை நீர்வீழ்ச்சி, ஒரு தேயிலைத் தொழிற்சாலை, நுவரெலியாவில் கிறகறி வாவி. மூன்றாம் நாள் ஹக்கலைப் பூந்தோட்டம், பண்டாரவளை வழியாக எல்ல, அங்கே ஒன்பது வளைவுப் பாலம், இராவணா எல்ல நீர்வீழ்ச்சி. பிறகு வெல்லவாய, மொனராகலை, சியம்பலாண்டுவ, பொத்துவில் என்று இறங்கி இரவோடு இரவாக வீடு. எண்ணிப் பார்த்தால் ஒன்பது இடங்கள். கொடுத்த காசுக்கு ஓரிடமும் தவறக்கூடாது என்பது என் எண்ணம்.

புறப்படுவதற்கு முந்திய இரவு வீட்டில் யாரும் சரியாகத் தூங்கவில்லை. பிள்ளைகள் தூங்காதது சந்தோசத்தில். என் மனைவி தூங்காதது அடுப்படியில். பதினாலு பேருக்கு இடியப்பம், மாசிச் சம்பல், பொரித்த கோழி, பகலைக்கு வாழையிலையில் கட்டிய சோற்றுப் பார்சல், கைப்பிள்ளைக்குத் தனிக் கஞ்சி, உம்மாவுக்குச் சீனி போடாத தேநீர் ஒரு பிளாஸ்க். ஸுபஹுத் தொழுதுவிட்டு வந்து, “இன்னும் முடியல்லியா? நேரம் போகுது” என்று வாசலில் நின்று சத்தம் போட்டவன் நான்தான்.

வேனில் ஏறும்போது முன் ஆசனம் எனக்கு. யன்னலோரமெல்லாம் பிள்ளைகளுக்கு. சாப்பாட்டுப் பாத்திரம், பாய், உடுப்புப் பைகளோடு பின் ஆசனத்தின் நடுவில், மடியில் கைப்பிள்ளையுமாக என் மனைவி. வளைவுப் பாதையில் வேனின் பின் பக்கம்தான் அதிகம் ஆடும், தலைசுற்றலும் வாந்தியும் அங்கேதான் அதிகம் வரும் என்பதை நான் யோசிக்கவில்லை. பதினெட்டு வளைவும் ஏறி முடிவதற்குள் பிள்ளை இரண்டு தரம் சத்தி எடுத்துவிட்டது. அதைத் துடைத்து, உடுப்பை மாற்றி, தானும் முகம் வெளுத்து அவர் நிமிர்ந்தபோது, நாங்களெல்லாம் கீழே தெரியும் சமவெளியின் அழகைப் பேசிக்கொண்டிருந்தோம்.

கண்டியில் உறவினர் வீடொன்றில் தங்கினோம். பதினாலு பேர் போய் இறங்கினால் அந்த வீட்டுப் பெண்கள் என்ன செய்வார்கள்? அவர்களோடு சேர்ந்து என் மனைவியும் தங்கச்சியும் குசினிக்குள் நுழைந்தார்கள். நுவரெலியாவில் தங்கிய வாடகை வீட்டில் அடுப்பு இருந்தது. ஹலால் சாப்பாட்டுக்கு அலைய வேண்டாம், நமது கைச் சாப்பாடே போதும் என்று நான் சொன்னேன். “நமது கை” என்றேனே தவிர, அது யாருடைய கை என்று நினைக்கவில்லை. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கும் ஊர். இரவில் குழாய்த் தண்ணீரில் கை வைத்தால் விறைத்துப் போகும். அந்தத் தண்ணீரில் பாத்திரங்களைக் கழுவிவிட்டுத்தான் அவர் படுத்தார்.

“வேனை நிப்பாட்டச் சொல்லுங்க”

மூன்றாம் நாள் எல்லவிலிருந்து இறங்கும்போது மஃரிப் நெருங்கிவிட்டது. வெல்லவாயவில் தொழுகைக்காக நிறுத்திவிட்டு மீண்டும் புறப்பட்டோம். மொனராகலை தாண்டும்போது வேனுக்குள் எல்லோரும் தூங்கிவிட்டார்கள். பின் ஆசனத்திலிருந்து என் மனைவியின் குரல் மட்டும் மெதுவாகக் கேட்டது.

“இஞ்சாருங்க, அந்தத் தம்பிக்கு நித்திரை வருது போல. கொஞ்சம் நிப்பாட்டச் சொல்லுங்க.”

“அவருக்கு இந்த ரோட்டு நல்லாத் தெரியும். இன்னும் ரெண்டு மணித்தியாலம்தான்” என்று சொல்லிவிட்டு நானும் கண்ணை மூடினேன்.

பத்து நிமிடம் கூட ஆகியிராது. வேனின் ஒரு பக்கச் சில்லுகள் தாரை விட்டு இறங்கிக் கற்களில் உருளும் சத்தம். கண்ணைத் திறந்தபோது முன் வெளிச்சத்தில் ஒரு மரம். சாரதித் தம்பி திடுக்கிட்டு விழித்து வண்டியைத் திருப்பி நிறுத்தினார். மரத்துக்கும் எங்களுக்கும் இடையில் ஓர் ஆள் படுக்கும் அளவு இடைவெளிதான் இருந்தது. அல்ஹம்துலில்லாஹ், யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. அந்தத் தம்பி நடுங்கிப் போய் ரோட்டோரம் உட்கார்ந்துவிட்டார். “மௌலவி, ரெண்டு ராவும் வேனுக்குள்ளதான் படுத்த. சரியா நித்திரை இல்ல” என்றார். அவர் எங்கே படுத்தார் என்று இரண்டு நாளும் நான் ஒரு தரமாவது கேட்டிருக்க வேண்டாமா? நான் கேட்கவில்லை.

இதே கண்மூடல் ஒரு மணித்தியாலம் முந்தி, எல்ல இறக்கத்தில் நடந்திருந்தால்? அந்த வழியைக் கண்டவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. 2025 ஆம் ஆண்டு மே மாதம் கொத்மலை கெரண்டி எல்லவில் பஸ் ஒன்று பள்ளத்தில் வீழ்ந்து இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதே வருடம் செப்டம்பரில் எல்ல - வெல்லவாய வீதியில் சுற்றுலா சென்று திரும்பிய பஸ் ஒன்று விழுந்து பதினைந்து பேர் இறந்தார்கள். இரண்டு இடங்களும் நாங்கள் வேனில் பாட்டும் பேச்சுமாகக் கடந்த வழிகள். அந்தச் செய்திகளைக் கேட்ட நாட்களில் எல்லாம், பின் ஆசனத்திலிருந்து வந்த அந்த மெல்லிய குரல்தான் என் காதில் ஒலித்தது.

மகளின் கொப்பி

பாடசாலை தொடங்கியது. ஆறாம் தரம் படித்த என் மகளுக்கு வகுப்பில் “நான் சென்ற ஒரு சுற்றுலா” என்று கட்டுரை எழுதச் சொல்லியிருந்தார்கள். எழுதி முடித்து, எழுத்துப் பிழை பார்த்துத் தரும்படி என்னிடம் கொண்டு வந்தாள். சிவப்புப் பேனையை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

நன்றாகத்தான் எழுதியிருந்தாள். பேராதனைப் பூந்தோட்டத்தில் பெரிய மரங்களைப் பார்த்தோம், உம்மா எங்களுக்குச் சோறு பகிர்ந்தார். ரம்பொடையில் நீர்வீழ்ச்சியைப் பார்த்தோம், உம்மா தம்பியோடு வேனில் இருந்தார். தேயிலைத் தொழிற்சாலையைச் சுற்றிப் பார்த்தோம், உம்மா வேனில் இருந்தார். கிறகறி வாவியில் படகில் போனோம், உம்மா வீட்டில் சமைத்தார். ஒன்பது வளைவுப் பாலத்துக்கு நடந்து போனோம், உம்மாவும் உம்மும்மாவும் வேனில் இருந்தார்கள். இராவணா எல்லவில் தண்ணீரில் கால் வைத்தோம், உம்மா வேனில் இருந்தார்.

அவள் யாரையும் குறை சொல்ல எழுதவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதினாள். திருத்துவதற்கு அதில் ஒரு பிழையும் இல்லை. பிழை எல்லாம் என்னிடம்தான் இருந்தது.

கொப்பியை எடுத்துக்கொண்டு குசினிப் பக்கம் போய் என் மனைவியிடம் அதை வாசித்துக் காட்டினேன். அவர் சிரித்தார். “அதுல என்ன இருக்கு? நீங்க எல்லாரும் சந்தோசமாப் பார்த்திட்டு வந்தீங்கதானே” என்றார். அரிசி களைந்துகொண்டிருந்தவர் சற்றுப் பொறுத்து, “இராவணா எல்லவுல தண்ணி விழுற சத்தம் வேனுக்குள்ள கேட்டிச்சி. நல்லாத்தான் இருந்திச்சி” என்றார்.

சகோதரிகளே, அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை.

நபியவர்களின் பயணக் கூட்டம்

பயணத்துக்கு அரபியில் ‘ஸஃபர்’ என்று பெயர். திரை விலகி வெளிப்படுதல் என்ற கருத்தும் அந்த வேர்ச் சொல்லில் உண்டு. மனிதனுடைய குணத்தை வெளிப்படுத்திக் காட்டுவதால்தான் அதற்கு அந்தப் பெயர் வந்தது என்று அறிஞர்கள் சொல்வார்கள். மதரஸாவில் மாணவர்களுக்கு இதை எத்தனையோ தரம் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். என் குணத்தை என் மகளின் கொப்பியில் காணும்வரை அதன் பொருள் எனக்கு விளங்கவில்லை.

நமது நபி (ஸல்) அவர்கள் பயணம் போன விதத்தை எண்ணிப் பாருங்கள். அவர்களுடைய பயணங்கள் நமது சுற்றுலா போன்றவையல்ல. கொதிக்கும் பாலைவனம், தண்ணீர்த் தட்டுப்பாடு, எதிரிகளின் பயம். அப்படிப்பட்ட பயணங்களில் பெண்களை அவர்கள் எப்படி நடத்தினார்கள்?

ஒரு பயணத்தில் ஆயிஷா (ரழி) அவர்களின் கழுத்து மாலை அறுந்து காணாமற் போனது. அதைத் தேடுவதற்காக நபியவர்கள் தங்கினார்கள், அவர்களுக்காக முழுக் கூட்டமும் தங்கியது. அந்த இடத்தில் தண்ணீர் இல்லை, யாருடைய கையிலும் தண்ணீர் இருக்கவில்லை. மக்கள் போய் அபூபக்ர் (ரழி) அவர்களிடம் முறைப்பட்டார்கள். அவர்கள் வந்து மகளைக் கடிந்துகொண்டார்கள். ஆனால் நபியவர்கள் கடிந்துகொண்டதாக அந்த ஹதீஸில் இல்லை. மனைவியின் மடியில் தலை வைத்து உறங்கிக்கொண்டிருந்தார்கள். விடிந்தபோது வுழூச் செய்யத் தண்ணீர் இல்லை. அப்போதுதான் தயம்மும் பற்றிய வசனம் இறங்கியது. பிறகு ஒட்டகத்தை எழுப்பியபோது அதன் கீழே மாலை கிடந்தது. புகாரி, முஸ்லிம் கிரந்தங்களில் வரும் சம்பவம் இது. ஒரு பெண்ணின் மாலைக்காக ஒரு படையே நின்றது. கியாமத் நாள் வரை இந்த உம்மத்துக்குக் கிடைத்த ஒரு சலுகை அந்தத் தரிப்பில்தான் இறங்கியது. நானோ, பதினாலு உயிர்களுக்காக என் மனைவி நிறுத்தச் சொன்ன ஒரு வேனை நிறுத்தவில்லை.

இன்னொரு பயணத்தில் அன்ஜஷா என்ற இனிய குரலுடைய பணியாளர் பாடி ஒட்டகங்களை ஓட்டினார். அவரது பாட்டுக்கு ஒட்டகங்கள் வேகமெடுத்தன. அவற்றின் மேல் பெண்கள் இருந்தார்கள். நபியவர்கள் அவர்களைக் கண்ணாடிப் பாத்திரங்களுக்கு ஒப்பிட்டு, மெதுவாக ஓட்டும்படி அவருக்குச் சொன்னார்கள். வாகனத்தின் வேகம் அதில் ஏறியிருக்கும் பலவீனமானவரைப் பொறுத்தது என்பதை இதிலிருந்து நாம் படிக்க வேண்டாமா?

கைபரிலிருந்து திரும்பும்போது ஸஃபிய்யா (ரழி) அவர்கள் ஒட்டகத்தில் ஏறுவதற்காக நபியவர்கள் தமது முழங்காலை வைத்துக் கொடுத்தார்கள். அதில் கால் வைத்து அவர்கள் ஏறினார்கள். மற்றொரு பயணத்தில் ஆயிஷா (ரழி) அவர்களோடு ஓட்டப் பந்தயம் வைத்தார்கள். முதலில் அவர்கள் வென்றார்கள்; காலம் சென்று மீண்டும் ஓடியபோது நபியவர்கள் வென்று, இது அதற்குப் பதில் என்று சொன்னார்கள். அபூதாவூதில் இது பதிவாகியிருக்கிறது. அவர்களுடைய பயணத்தில் மனைவிமாருக்கு ஓடி விளையாடவும் நேரம் இருந்தது.

மூவர் பயணம் போனால் ஒருவரைத் தலைவராக ஆக்கிக்கொள்வது ஸுன்னத். நமது வீடுகளில் அந்தத் தலைமையை ஆண்கள் கேட்காமலேயே எடுத்துக்கொள்கிறோம். எடுத்துக்கொண்ட பிறகு, அதற்குரிய வேலை மற்றவர்களுக்குச் சேவை செய்வது என்பதை மறந்து, முன் ஆசனத்தில் உட்கார்ந்துவிடுகிறோம்.

தொழுகையும் பெண்களின் சிரமமும்

பயணத்தில் நமது பெண்களின் பெரிய கவலை தொழுகை. “நேரம் போகுதே, எங்க தொழுற?” என்று வழி நீளத்துக்கும் மனம் பதைப்பார்கள். அல்லாஹ் தந்திருக்கும் சலுகையைச் சரியாக அறிந்துகொண்டால் இந்தப் பதைப்பு பாதி குறையும்.

நம் நாட்டில் பெரும்பாலோர் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபின்படி, போகும் தூரம் சுமார் 80 கிலோமீற்றருக்குச் சற்றுக் கூடுதலாக இருந்தால், ஊர் எல்லையைக் கடந்த பிறகு ளுஹர், அஸர், இஷா ஆகிய நான்கு ரக்அத் தொழுகைகளை இரண்டாகச் சுருக்கலாம். ஸுபஹும் மஃரிபும் சுருங்குவதில்லை. ளுஹரோடு அஸரையும், மஃரிபோடு இஷாவையும் ஒரே நேரத்தில் சேர்த்துத் தொழலாம். முற்படுத்திச் சேர்ப்பதானால் முந்திய தொழுகையை முதலில் தொழ வேண்டும், அதிலேயே சேர்க்கும் நிய்யத் இருக்க வேண்டும், இரண்டுக்கும் இடையில் நீண்ட இடைவெளி கூடாது. பிற்படுத்துவதானால் முந்திய தொழுகையின் நேரம் முடிவதற்கு முன்பே அந்த நிய்யத்தை வைத்துக்கொள்ள வேண்டும். ஊரில் தங்கியிருக்கும் இமாமைப் பின்பற்றித் தொழுதால் சுருக்காமல் நான்கும் தொழ வேண்டும். ஓரிடத்தில், போய் இறங்கும் நாளும் புறப்படும் நாளும் நீங்கலாக நான்கு நாட்கள் தங்குவதாக நிய்யத் வைத்துவிட்டால் இந்தச் சலுகை நீங்கிவிடும். வெள்ளிக்கிழமை ஸுபஹுக்குப் பிறகு புறப்படும் ஆண்கள் வழியில் ஜும்ஆ கிடைக்கும்படி பார்த்துக்கொள்வது கடமை.

ஆக, ளுஹரும் அஸரும் தொழுவதற்கு நடுப்பகலிலிருந்து சூரியன் மறையும்வரை நேரம் இருக்கிறது. அதற்குள் வசதியான ஓர் இடத்தில் வண்டியை நிறுத்துவது கஷ்டமா? வேனின் ஆசனத்தில் உட்கார்ந்தபடியே பர்ளைத் தொழுது, பிறகு ‘கூடியதோ தெரியாது’ என்று மனம் கலங்க வேண்டியதில்லை. இறங்கி, ஒரு பாயை விரித்து, நம் நாட்டிலிருந்து மேற்கே சற்று வடக்காக முகம் திருப்பி நின்று தொழுதுவிடலாம்.

ஆனால் வுழூவுக்கும் மலசலகூடத்துக்கும் என்ன செய்வது? இதுதான் பெண்கள் வெளியில் சொல்லாத சிரமம். நாங்கள் ஆண்கள் வழியிலுள்ள பள்ளிவாசலுக்குள் நுழைந்து, கை கால் கழுவி, தொழுது, தெம்பாக வெளியே வருகிறோம். அந்தப் பள்ளிவாசலில் பெண்களுக்கு ஓர் அறை இல்லாவிட்டால் அவர்கள் வேனுக்குள்ளேயே இருக்கிறார்கள். போக இடமில்லை என்பதற்காகக் காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமலேயே பயணம் செய்யும் பெண்கள் எத்தனை பேர்! அதனால் தலைவலியும், சிறுநீர்க் கடுப்பும், வீடு வந்து இரண்டு நாள் படுக்கையும்.

பிரதான வீதிகளிலுள்ள பள்ளிவாசல்களின் நிர்வாகிகள் இதை வாசிக்க நேர்ந்தால் அவர்களிடம் என் வேண்டுகோள் ஒன்றுதான். பள்ளியை ஒட்டி ஒரு சிறிய அறை, ஒரு தண்ணீர்க் குழாய், ஒரு சுத்தமான மலசலகூடம், உள்ளே பூட்டக்கூடிய ஒரு கதவு. இதைச் செய்து வைத்திருக்கும் பள்ளிவாசல்கள் நம் நாட்டில் இருக்கின்றன. அங்கே இறங்கும் பெண்கள் செய்யும் துஆவை நான் காதால் கேட்டிருக்கிறேன். வெளியே கொத்தும் வேலைப்பாட்டுக்கும் விளக்கு அலங்காரத்துக்கும் செலவாகும் பணத்தில் ஒரு பங்கு இதற்குப் போதும்.

மறு வருடம்

மறு வருடமும் பயணம் போனோம். இந்த முறை தாளையும் பேனையையும் என் மனைவியிடம் கொடுத்து, “நீங்க சொல்லுங்க, எங்க போற?” என்று கேட்டேன். முதலில் நம்பவில்லை. பிறகு ஒரேயொரு இடத்தைச் சொன்னார். பதினெட்டு வளைவில் இறங்கி நின்று கீழே பார்க்க வேண்டுமாம். மற்றதெல்லாம் எங்கள் விருப்பமாம்.

ஒன்பது இடங்கள் மூன்றாகக் குறைந்தன. ஓரிடத்திலேயே இரண்டு இரவு தங்கினோம். சாரதிக்கு ஓர் அறையில் படுக்கை கொடுத்தோம். இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தரம் வண்டி நின்றது. இருட்டுக்கு முன் தங்குமிடம் சேர்ந்துவிட வேண்டும், ஊர் திரும்பும்போதும் லகுகலைக் காட்டுப் பாதையைப் பகலிலேயே கடந்துவிட வேண்டும் என்று முடிவு செய்தோம். அங்கே இரவில் யானை ரோட்டுக்கு வரும்.

சாப்பாட்டுக்கு, முதல் நாள் காலைக்கு மட்டும் வீட்டிலிருந்து ரொட்டியும் சம்பலும். மற்ற வேளைகளுக்கு முஸ்லிம் கடைகளில் பார்சல். சற்றுக் காசு கூடத்தான் போனது. கைவிட்ட ஆறு இடங்களின் நுழைவுச் சீட்டுக் காசும் டீசல் காசும் அதை ஈடு செய்துவிட்டன. பாத்திரம் கழுவுவது நானும் மூத்த மகனும். கைப்பிள்ளையை முறை வைத்துத் தூக்கினோம். முதல் முறை மகனுக்கு வெட்கமாக இருந்தது. நபியவர்கள் வீட்டில் இருக்கும்போது வீட்டாரின் வேலைகளில் ஈடுபட்டிருந்தார்கள் என்று ஆயிஷா (ரழி) அவர்கள் அறிவித்த ஹதீஸைப் பாத்திரம் கழுவிக்கொண்டே அவனுக்குச் சொன்னேன். வகுப்பறையில் சொல்லியிருந்தால் அந்த அளவு பதிந்திராது.

என் மனைவி சாரதிக்குப் பின்னால் உள்ள ஆசனத்தில், யன்னலோரம் இருந்தார். வண்டியின் முன் பக்கத்தில் இருந்து தூரத்துப் பாதையைப் பார்த்துக்கொண்டு போனால் தலைசுற்றல் குறைவு என்பதும், புறப்படு முன் வயிறு நிறையச் சாப்பிடாமல் இலேசாகச் சாப்பிட வேண்டும் என்பதும் அப்போது கண்டுகொண்ட விடயங்கள். அந்த முறை வளைவுகளில் அவருக்கு ஒன்றும் ஆகவில்லை.

பதினெட்டு வளைவின் மேலே வண்டியை நிறுத்தினோம். பிள்ளையை நான் வாங்கிக்கொண்டேன். அவர் இறங்கி, பாதையோரக் கட்டில் கை வைத்து நின்றார். கீழே ஏறி வந்த பாதை சுருள் சுருளாகத் தெரிந்தது. அதற்கப்பால் மஹியங்கனைச் சமவெளியின் வயல்கள். இருபது நிமிடம் நின்றிருப்பார். நேரமாகிவிட்டது என்று யாரும் சொல்லவில்லை. திரும்பி வந்தவர், “போன முறை இதாலதானா வந்த நாம?” என்று கேட்டார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

உங்களிடம் சில வார்த்தைகள்

சகோதரிகளே! “நான் வேனுக்குள்ளயே இரிக்கன், நீங்க போய்ட்டு வாங்க” என்று சொல்வதைப் பொறுமை என்று எண்ணிவிடாதீர்கள். சில நேரம் அது பொறுமைதான், அதற்குரிய கூலி அல்லாஹ்விடம் உண்டு. ஆனால் ஒவ்வொரு தரமும் நீங்களே இருந்துவிட்டால், உம்மா என்றால் வேனில் இருப்பவர் என்று உங்கள் பிள்ளைகள் படித்துக்கொள்வார்கள். உங்கள் மகன் நாளைக்குத் தன் மனைவியையும் அங்கேதான் உட்கார வைப்பான். உங்கள் மகள் தானாகவே போய் அங்கே உட்கார்ந்துகொள்வாள். ஆகவே வாய் திறந்து கேளுங்கள். இந்தப் பக்கத்தை வீட்டுக்காரருக்கு வாசித்துக் காட்டுங்கள். “ஒரு மௌலவி தன்னைப் பற்றியே எழுதியிருக்கிறார்” என்று சொல்லுங்கள்.

ஆபத்து என்று மனதில் பட்டால் மெல்லிய குரலில் ஒரு தரம் சொல்லிவிட்டு விட்டுவிடாதீர்கள். சாரதி கொட்டாவி விட்டால், இறக்கத்தில் வண்டி மிஞ்சி ஓடினால், வழுக்கும் பாறையில் பிள்ளைகள் இறங்கினால், சத்தமாகச் சொல்லி நிறுத்துங்கள். நீர்வீழ்ச்சிகளில், மேலே எங்கோ பெய்த மழைக்குக் கீழே திடீரென்று தண்ணீர் பெருகும். 2025 நவம்பரில் பெரு மழையும் மண்சரிவும் மலைநாட்டுப் பாதைகள் பலவற்றைச் சிதைத்துவிட்டன. ஆகவே போகும் வழியின் நிலைமையை முன்கூட்டியே விசாரித்துக்கொண்டு புறப்படுங்கள். 1990 அம்பியூலன்ஸ் சேவை, 119 பொலிஸ், 117 அனர்த்த முகாமைத்துவ நிலையம் ஆகிய இலக்கங்களைப் பிள்ளைகளுக்கும் மனனமாக்கி வையுங்கள்.

வாகனத்தில் ஏறியதும் பயண துஆவை எல்லோரும் சேர்ந்து ஓதிக்கொள்ளுங்கள். ஓதிய பிறகு, வண்டி புறப்படு முன், வீட்டுத் தலைவர் ஒரு தரம் பின்னால் திரும்பிப் பார்க்கட்டும். பின் ஆசனத்தின் நடுவில், பைகளுக்கிடையில் யார் இருக்கிறார் என்று பார்த்து, அவரை எழுப்பி யன்னலோரத்தில் இருத்திவிட்டுப் பிறகு புறப்படட்டும்.

நமது பயணங்களை அல்லாஹ் பாதுகாப்பானதாக ஆக்குவானாக! போகும்போது நம்மோடு வந்தவர்கள் அனைவரையும் திரும்பும்போதும் நம்மோடு சேர்த்து வீடு கொண்டு வந்து சேர்ப்பானாக! ஆமீன்.